வாஷிங்டன் கஞ்சா புகைத்தாரா?

"அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனே கஞ்சா வளர்த்துப் புகைத்தவர், ஆதாரம் அவரது டைரி" என்று ஒரு படம் சுற்றுகிறது. வளர்த்தது உண்மை. புகைத்தார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

மவுன்ட் வெர்னன் பண்ணையில் அவர் பயிரிட்டது ஹெம்ப். கஞ்சாவின் அதே இனம்தான், ஆனால் நாருக்கான வகை. போதைப்பொருள் மிகமிகக் குறைவு. கயிறு திரிக்க, மீன்வலை பழுதுபார்க்க அந்த நார் தேவைப்பட்டது. தமிழில் இதைச் சிலர் 'சணல்' என்றும் சிலர் 'கஞ்சா' என்றும் எழுதுவதால் குழப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

அந்த டைரிக் குறிப்புக்கு வருவோம். 1765 ஆகஸ்ட் 7 அன்று, ஆண் செடிகளைப் பெண் செடிகளிலிருந்து பிரிக்கத் தொடங்கியதாகவும், அது சற்றுத் தாமதமாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். போதை கூட்டத்தான் பிரித்தார் என்பது பிற்கால ஊகம். ஆண் செடி முன்னதாகவே முதிர்ந்துவிடும். நாருக்காக அதை முதலில் பிடுங்கிவிட்டு, பெண் செடியை விதைக்கு விடுவது அந்தக் கால ஹெம்ப் விவசாயிகளின் சாதாரண வழக்கம்.

இதேபோல் வேறு கதைகளும் உண்டு. அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், வராந்தாவில் ஹெம்ப் புகைத்தபடி இனிய பொழுதுகளைக் கழித்ததாகச் சொன்னாராம். அவருடைய எழுத்துகளில் அப்படியொரு வரியே இல்லை. லிங்கனின் பெயரிலும் இதே கதை, கூடுதலாக ஒரு மவுத் ஆர்கனோடு! அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஹெம்ப் காகிதத்தில் எழுதப்பட்டது என்பதும் தவறு: கையெழுத்திடப்பட்ட பிரதி பதப்படுத்திய விலங்குத் தோலில் இருக்கிறது.