திருத்தத்தைத் தனியாகக் கொடுத்தால் என்ன?

திங்கட்கிழமை காலை நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி. "ரசீது அச்சாகவில்லை சார். வெள்ளிக்கிழமை நன்றாகத்தானே இருந்தது?" போய்ப் பார்த்தால் உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து மேசையில் இன்னும் பழைய பதிப்பு, அங்கே அச்சாகிறது. ஒரே அறையில் 12 கணினிகள், மூன்று பதிப்புகள்! இதில் எதை நான் சோதித்துப் பார்த்து அனுமதித்தேன்? ஒன்றைக்கூட இல்லை.

ஃபயர்பாக்ஸ் உலாவி 2011இல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று தொடங்கி, 2020இல் அதை நான்கு வாரமாக்கியது. குரோமும் 2021இல் நான்கு வாரத்துக்கு வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புத் திருத்தங்கள் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. பிடிஎஃப் மென்பொருளுக்கும் காணொளிக் கூட்ட மென்பொருளுக்கும் வேறு வேறு நாட்கள். அலுவலகத்தின் 380 கணினிகளைப் பராமரிக்க நாங்கள் நான்கு பேர். ஒரு பதிப்பைப் பத்துக் கணினிகளில் போட்டு, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் அடுத்த பதிப்பு வாசலில் வந்து நிற்கிறது. போதாததற்கு, சில மென்பொருள்கள் நிர்வாகி அனுமதியே கேட்காமல் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஒரே கணினியை இருவர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு பதிப்பு!

"அப்டேட்டை நிறுத்திவைத்துவிடுங்களேன்" என்கிறார் மேலாளர். எப்படி நிறுத்துவது? கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரல் பயன்படுத்திய பாதுகாப்பு ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் வந்துவிட்டது. மே 12 அன்று தாக்குதல் தொடங்கியபோதும் அதைப் போடாத கணினிகள் உலகெங்கும் இருந்தன. மருத்துவமனைகள் வரை முடங்கின. சரி, வந்தவுடன் எல்லாவற்றிலும் போட்டுவிடலாமா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கணினிகள் இயங்காமல் நீலப் பிழைத்திரையில் நின்றன. பல இடங்களில் கணினி கணினியாகப் போய்க் கையால் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. தாமதித்தாலும் இடி, அவசரப்பட்டாலும் இடி, மத்தளம் நாங்கள்தான்.

திருத்தம் வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வரட்டும். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தோடு, யாரும் கேட்காத புதுப் பொத்தானையும் இடம் மாற்றிய பட்டியலையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். பாதுகாப்பு வேண்டுமென்றால் இவற்றையும் சேர்த்து விழுங்கியாக வேண்டும். என்னதான் மாற்றினார்கள் என்று குறிப்பைத் திறந்தால் "சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன" என்று ஒற்றை வரி. எந்தப் பிழை? எந்த இடத்தில்? அதைச் சொன்னால்தானே எதைச் சோதிப்பது என்று எனக்குத் தெரியும்!

தனித்தனியாகக் கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஃபயர்பாக்ஸ் 2012 முதல் நிறுவனங்களுக்கென்று தனிப் பதிப்பு தருகிறது. ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு அதில் புது வசதிகள் நுழைவதில்லை, முக்கியமான திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். எங்கள் கணக்கு மென்பொருளை விற்றவர்களிடம் இதையே மூன்று முறை எழுதிக் கேட்டேன். "எப்போதும் புதிய பதிப்பையே பயன்படுத்துங்கள்" என்று மூன்று முறையும் அதே பதில்.

திருத்தத்தை மட்டும் தனியாக அனுப்புங்கள். 380 கணினிகளிலும் அன்றிரவே போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.