பன்னிரண்டு மணிக் கணக்கு யாருக்கு?

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது, அதனால் குடி குறைந்திருக்கிறது என்று இன்னமும் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊருக்கு ஒரு விடியற்காலையில் வந்து பாருங்கள். டீக்கடையில் பால் காய்வதற்கு முன்பே சந்துக்கடையில், அதாவது திருட்டுத்தனமாக மது விற்கிற இடத்தில், வியாபாரம் ஆரம்பித்துவிடும். முழு குவாட்டருக்குக் காசில்லையா, கட்டிங் ஊற்றித் தருவார்கள். அதற்கும் இல்லையா, நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அரசுக் கடையில் கடன் கிடையாது, இங்கே உண்டு. நூறு நாள் வேலைக் கூலி வந்ததும் முதலில் அடைவது அந்த நோட்டுக் கடன்தான்.

விடிந்ததும் விடியாததுமாக யார் குடிக்கப் போகிறான்? கை நடுங்குகிறவன்தான் போவான். நேற்று இரவு குடித்தது இறங்கி, ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் பிடிக்க முடியாதவன். அவன் நோயாளி. அவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். அவனை மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். 2016-இல் திறக்கும் நேரத்தைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள், சரி. அந்தக் காலை நேரம் முழுவதும் இந்த நோயாளிகளை வைத்துச் சம்பாதிக்கிறவன் சந்துக்கடைக்காரன். 2023-இல் 500 கடைகளை மூடினார்கள், அதை நான் வரவேற்றேன். ஆனால் கடை போன இடத்தில் பைக்கில் சாக்குமூட்டை வந்து இறங்கினால் என்ன பிரயோஜனம்?

நான் இருப்பது பெங்களூரு பொம்மனஹள்ளியில். கட்டட வேலைக்கு வந்த எங்கள் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர். சனிக்கிழமை வாரக்கூலி கைக்கு வரும். இங்கே மது 90 மில்லி பாக்கெட்டிலேயே கிடைக்கிறது. உடையாது, சத்தம் போடாது, சட்டைப்பையில் அடங்கிவிடும். கர்நாடகம் 2007-இல் சாராயத்தைத் தடை செய்தது. ஆனால் ஏழைகள் கைக்கு இந்தப் பாக்கெட் வந்து சேர்ந்துவிட்டது. அது அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் தாண்டி எங்கள் ஊர் சந்துக்கடை வரைக்கும் போகிறது. 'கர்நாடக மது பாக்கெட் பறிமுதல்' என்று பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். பிடிபடுவது பைக் ஓட்டிய பையன். அவனிடம் வாங்கி விற்கிறவன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

"திருந்துகிறவன் எங்கேயிருந்தாலும் திருந்துவான்" என்று ஒரு பேச்சு உண்டு. மூன்று வீடு தள்ளிக் கடன் கொடுத்து விற்றால் எப்படி அய்யா திருந்துவான்? 2019 ஜனவரியில் கர்நாடகக் கிராமத்துப் பெண்கள் மதுவை ஒழிக்கச் சொல்லி சித்ரதுர்காவிலிருந்து இந்தப் பெங்களூருக்கு நடந்தே வந்தார்கள், சுமார் 200 கிலோமீட்டர். ஊருக்குள் விற்பனை என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

சந்துக்கடையை மூடச் சொல்லி எங்கள் ஊர்ப் பெண்களும் கேட்டார்கள், கிராம சபையில். கிராம சபை கூடுகிற நாட்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. நான்குமே டாஸ்மாக்குக்கு விடுமுறை நாள். அந்த நாட்களில்தான் சந்துக்கடையில் விலை இரண்டு மடங்கு. தீர்மானம் எழுதுகிற இடத்துக்கு நாலு தெரு தள்ளி விற்பனை நடக்கிறது. அதிகாரிகளும் அதே ஊரில்தான் அன்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் அக்கா துணிந்து போனில் புகார் சொன்னாள். சாயங்காலமே சந்துக்கடைக்காரன் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னக்கா, எம்மேலயே கம்ப்ளைண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவளுக்கு அன்று இரவு தூக்கமில்லை, எனக்கு இங்கே வேலையில் கை ஓடவில்லை. அவள் பெயரை அவனிடம் சொன்னது யார்? இதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில். கடை எத்தனை மணிக்குத் திறக்கலாம் என்பதை அப்புறம் பேசுவோம்.