அம்மாவுக்காகப் பந்தின் வேகத்தைக் குறைத்த இரவு

கடந்த ஞாயிற்றுக்கிழமை குளுகோரில் உள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். 14 வயது மருமகன் தன் மடிக்கணினியில் பழைய ஆப்பிள் 2 கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் ஒன்றை நிறுவி, நான் ஓயாமல் பேசும் லோட் ரன்னர், கராத்தேகா ஆகிய இரண்டு விளையாட்டுகளையும் எனக்காகத் தேடி எடுத்து வைத்திருந்தான். பத்து நிமிடம் அவனும் ஆடிப் பார்த்தான். பிறகு, "மாமா, இதுக்காகவா இன்னும் ஏங்குறீங்க?" என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. அப்போது எனக்குச் சரியான பதில் வரவில்லை. ஒரு வாரமாக யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 1986இல். நான் தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் இருந்தேன். தாய்மாமா கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் ஆப்பிள் 2 கணினியின் நகல் ஒன்றை வாங்கி, பினாங்குவரை பேருந்தில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். அதற்கான பணத்தில் பெரும்பங்கு அம்மாவின் மிகைநேரச் சம்பளம். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்தார். 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியது பினாங்கில்தான். அதையொட்டி வந்த மற்ற தொழிற்சாலைகளில் ஒன்றில், நுண்ணோக்கிக்குள் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைக் கணினிச் சில்லுகளோடு இணைக்கும் வேலை அம்மாவுக்கு. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். தம் கையால் ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பிய சில்லுகள் எந்த இயந்திரத்துக்குள் போய் உட்காருகின்றன என்பதை அந்த மேசைகளில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை.

வந்த மூன்றாம் மாதம் ஒரு நாள் காலையில் கணினி எழவில்லை. பச்சைத் திரை முழுவதும் கேள்விக்குறிகளும் உடைந்த எழுத்துகளுமாக நிறைந்து நின்றது. நான் அழாத குறை. இரவு ஷிப்ட் முடிந்து வந்த அம்மா உடைகூட மாற்றாமல் மேல்மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த மின்வழங்கிப் பெட்டியின் உலோகத்தை முதலில் ஒரு விரலால் தொட்டுக்கொண்டார், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லுக்குள் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு பலகையில் இருந்த சில்லுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். இரண்டாவது வரிசையில் ஒன்று நறுக்கென்று உள்ளே இறங்கியது. "சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கால் மேல எழும்பிருச்சு தம்பி. இப்ப போட்டுப் பாரு" என்றார். திரை தெளிந்தது.

கணினியின் மூடியைத் திறக்க முடிந்ததைப் போலவே, அதில் ஓடிய விளையாட்டுகளையும் திறக்க முடிந்தது. மருமகனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். விளையாட்டுகள் பதிந்த நெகிழ்வட்டு எதையும் செருகாமல் அந்தக் கணினியை இயக்கி ரீசெட் விசையை அழுத்தினால், திரையின் ஓரத்தில் ஒரு பகர அடைப்புக்குறியும் அதன் அருகே விட்டுவிட்டு மின்னும் ஒரு சதுரமும் மட்டும் தோன்றும். பேசிக் என்ற நிரல் மொழியில் நீ ஏதாவது சொன்னால்தான் அது அடுத்து ஏதாவது செய்யும். விளையாடுகிறவன் வேறு, எழுதுகிறவன் வேறு என்ற பிரிவு அந்தத் திரையில் இல்லை.

இது தற்செயலாக அமைந்ததும் இல்லை. ஸ்டீவ் வோஸ்னியாக் 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2ஐ வடிவமைத்ததற்கு முன்பு, அட்டாரி நிறுவனத்தின் பிரேக்அவுட் என்ற செங்கல் உடைக்கும் விளையாட்டுக்கான மின்சுற்றை வடிவமைத்தவர். அதே விளையாட்டைச் சுற்றுப்பலகை இல்லாமல் பேசிக் மொழியிலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் வண்ணம் தீட்டும் கட்டளைகளையும், திருகுக் கட்டுப்பாட்டுக்கான இணைப்பையும், டிக் டிக்கென்று ஒலிக்கும் அந்தச் சிறு ஒலிபெருக்கியையும் தாம் சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே நாங்கள் நேசித்த அந்தக் கணினியின் அமைப்புக்கே ஒரு விளையாட்டு காரணமாக இருந்திருக்கிறது.

நானும் அப்படியொரு செங்கல் விளையாட்டை ஒரு பழைய இதழைப் பார்த்து வரிவரியாகத் தட்டெழுதி வைத்திருந்தேன். ஓர் இரவு, விடுப்பில் இருந்த அம்மா தாமும் ஆடிப் பார்ப்பதாக வந்து உட்கார்ந்தார். நுண்ணோக்கியின் திருகை நாள் முழுவதும் நுணுக்கமாகத் திருப்பிப் பழகிய விரல்கள் அவருடையவை, ஆனாலும் பந்து அவருடைய களைத்த கண்ணுக்கு எட்டாத வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நாலைந்து முறை தோற்றபின் எழுந்திருக்கப் போனார். நான் கன்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தி விளையாட்டை நிறுத்தினேன். லிஸ்ட் என்று தட்டியதும் நிரல் முழுவதும் திரையில் ஓடியது. பந்தைத் தாமதிக்கச் செய்யும் வரியில் இருந்த 20ஐ 60 ஆக்கி, ரன் என்று கொடுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இந்த முறை பந்து அம்மாவுக்காகக் காத்திருந்து இறங்கியது. அன்று அவர் முதல் இரண்டு வரிசைச் செங்கற்களையும் உடைத்துவிட்டுத்தான் படுக்கப் போனார். எமுலேட்டரில் எல்லா விளையாட்டும் கிடைக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த இரவைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

கடையில் வாங்கிய விளையாட்டுகளை இப்படி எளிதில் திறக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவற்றிலும் சிறந்தவை இந்தக் குணத்தோடு இருந்தன. 1983இல் வந்த லோட் ரன்னரில் 150 கட்டங்கள், அதாவது லெவல்கள், இருந்தன. அதன் நாயகனுக்குக் குதிக்கத் தெரியாது, தரையில் இடமும் வலமும் குழி தோண்டிக் காவலர்களை விழவைத்துத் தங்கத்தை அள்ள வேண்டும். அதே வட்டிலேயே நாமே புதிய கட்டங்களை வரைந்து சேமிக்கும் வசதியையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். பள்ளி விடுமுறை முழுவதும் நானும் அண்ணனும் ஒருவர் வரைந்த கட்டத்தில் மற்றவர் தப்பிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டே கழித்தோம். கராத்தேகா வேறு வகையில் மனத்தில் நிற்கிறது. கடைசியில், மீட்கப் போன இளவரசியை நெருங்கும்போது சண்டைக்கு நிற்கும் நிலையிலேயே போனால் அவளே ஒரே உதையில் கொன்றுவிடுவாள். பகைவனிடம் நிற்பதுபோல் அவளிடம் நிற்கக் கூடாது என்று எந்த வழிகாட்டியும் சொல்லாமல் நாங்களே கண்டுபிடித்தோம்.

பட்டர்வொர்த்தில் பெரியம்மா வீட்டில் இருந்தது ஸ்பெக்ட்ரம் என்ற வேறொரு கணினி, 48 கிலோபைட் நினைவகமும் ரப்பர் விசைகளும் கொண்டது. ஃபெரி ஏறிப் போய் அதைப் பார்ப்பதே எங்களுக்கு ஒரு திருவிழா. அதில் வட்டு கிடையாது, கேசட்தான். கீச்சென்ற சத்தத்தோடு திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமான தடித்த பட்டைகள் ஓடும், பிறகு நீலமும் மஞ்சளுமான மெல்லிய பட்டைகள். நான்கைந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். ஒலி சற்றுத் தேய்ந்து கேட்டால், கேசட் பெட்டியில் நாடாவைப் படிக்கும் முனையைச் சரிசெய்யும் சின்னத் திருகாணியை அண்ணன் சிறிய திருப்புளியால் ஓர் இழை திருப்புவார். அங்கேயும் சரிசெய்வதும் விளையாடுவதும் ஒரே வேலையாகத்தான் இருந்தன.

இன்று பிள்ளைகள் கையில் இருக்கும் சாதனங்களின் ஆற்றலோடு அந்தக் கணினிகளை ஒப்பிடவே முடியாது. ஆனால் இன்றைய சாதனங்களில் பெரும்பாலானவை வாங்கிய நாளிலிருந்தே பூட்டியிருக்கின்றன, விளையாட்டின் ஒரு வரியைக்கூட வீட்டில் எளிதில் மாற்ற முடியாது. இது வெறும் வயதானவர்களின் புலம்பல் என்று நான் ஏற்கமாட்டேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு முன்புபோல் நிரலெழுதிய அனுபவம் இல்லை என்ற கவலையிலிருந்துதான் 2012இல் ராஸ்பெரி பை என்ற மலிவான சிறு கணினி வெளிவந்தது. அதை வடிவமைத்தவர்கள் தேடியதும், நாங்கள் பழைய கணினிகளில் கண்ட அந்தத் திறந்த வாசலைத்தான். என் மருமகனுக்கு இந்தத் தீபாவளிக்கு அதில் ஒன்று வாங்கித் தரப் போகிறேன், முதலில் செங்கல் விளையாட்டைத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுவோம்.

இந்த நினைவுகளுக்கிடையே ஓர் அவசரக் காரியமும் இருக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய வட்டுகளின் மீது பூஞ்சை படர்கிறது. படர்ந்தபின் இயக்கினால் வட்டும் போகும், வட்டைப் படிக்கும் வட்டியக்கியின் முனையும் அழுக்கேறும். கடைகளில் விற்ற விளையாட்டுகளை உலகில் எவராவது நகலெடுத்துப் பாதுகாத்திருப்பார்கள். ஆனால் நீங்களும் உங்கள் அண்ணன் தம்பிகளும் வரைந்த கட்டங்கள், இதழைப் பார்த்துத் தட்டெழுதித் திருத்திய நிரல்கள் ஆகியவை உங்கள் பரணில் மட்டுமே இருக்கின்றன. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ யார் வீட்டிலாவது ஐந்தேகால் அங்குல வட்டுகள் இருந்தால் எறிந்துவிடாமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள். என்னிடம் இன்னும் ஓடும் வட்டியக்கி ஒன்று இருக்கிறது. சுத்தம் செய்து, நகலெடுத்து, வட்டையும் திருப்பித் தருகிறேன். எங்கள் வட்டுகளில் பதினொன்றை இப்படி மீட்டிருக்கிறேன். பந்தின் தாமதம் 60 என்று திருத்தப்பட்ட அந்த விளையாட்டு ஏழாவது வட்டில் இருந்தது.