தலைய திருப்ப நெட் எதுக்கு?

“குன்னூர் மாதிரி நெட் ஸ்லோவான ஊர்ல விஆர் மீட்டிங்ல (கண்ணுல ஹெட்செட் மாட்டி, கம்ப்யூட்டர் வரைஞ்ச ரூம்ல கூடுறது) தலைய திருப்புனா படம் லேட்டா வரும், அதான் தலை சுத்துது”ன்னு மேல போட்டிருக்கீங்க, அது தப்பு நண்பா. தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு ஹெட்செட்ல இருக்குற கைரோ சென்சாரும் (திரும்புறத உணர்ற சில்லு) கேமராவும் தான் பாக்குது, பெரும்பாலும் படத்தையும் அங்கயே வரைஞ்சுடுது, இதெல்லாம் சுமாரா 20 மில்லிசெகண்டுக்குள்ள முடியணும், அது இழுத்தா தலை சுத்தும். நெட்ல முக்கியமா போறது குரலும், அடுத்தவங்க தலை கை எங்க இருக்குங்குற துளியூண்டு டேட்டாவும். நான் கோத்தகிரி, போன மழைல நெட் புட்டுக்கிச்சு, மீட்டிங்ல எதிர்ல இருந்தவருக்கு பதிலா தெரியுற பொம்மை உருவம் தூக்குன கையோட அப்படியே நின்னுருச்சு, ஆனா நான் திரும்புனா ரூம் ஜோரா திரும்புச்சு. எங்கயோ நிஜ ரூம்ல வச்ச கேமராவ நம்ம தலையாட்டி திருப்புற செட்டப்னா வேணா நீங்க சொல்றது சரி.