பயிற்சி மாலுமிக்கு ஆங்கிலம் தேவையில்லையா? உண்மை விளக்கம்

"கப்பலில் பயிற்சிக்குச் சேர ஆங்கிலம் தேவையே இல்லை, கேப்டனுக்குத் தெரிந்தால் போதும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. நம்பிப் போகிறவர்களுக்கு ஆபத்தும்கூட.

மாலுமிகளின் பயிற்சித் தகுதிகளை வகுப்பது எஸ்டிசிடபிள்யூ என்ற 1978-ம் ஆண்டு உடன்படிக்கை. அதன் விதிகள் அதிகாரிகளிடம் மட்டும் ஆங்கிலம் கேட்கவில்லை. சுக்கான் பிடிக்கும் சாதாரண மாலுமியும் ஆங்கிலக் கட்டளை கேட்டு நடக்க வேண்டும். அதிகாரி 'போர்ட் ஃபிஃப்டீன்' என்றால், அதை அப்படியே திருப்பிச் சொல்லி, சுக்கானை இடப்பக்கம் 15 டிகிரி திருப்ப வேண்டும். கப்பல் செல்ல வேண்டிய திசை 150 என்றாலோ, 'ஒன் ஃபைவ் ஜீரோ' என்று ஒவ்வொரு இலக்கமாக வரும். காற்றிலும் இயந்திரச் சத்தத்திலும் காது குழம்பினால் கப்பல் வேறு பக்கம் போய்விடும்.

சரி, அதற்காகச் சரளமாகப் பேசினால்தான் வேலை என்று பயப்படவும் வேண்டாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொடர்புக்கான ஆங்கிலச் சொற்றொடர்கள் வேண்டுமென்றே எளிமையாக அமைக்கப்பட்டவை. தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் வந்துவிடும். இயந்திர அறை அதிகாரியாக விரும்புகிறவர்கள் ஆங்கிலக் கையேடுகளையும் வாசித்துப் பழக வேண்டும்.

1990-ல் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் பயணிகள் கப்பல் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, பணியாளர்கள் பலருக்குப் பயணிகளோடு பேசப் பொதுவான மொழி இல்லாமல் போனது.