எந்த வருடத்திலிருந்து கணக்குப் போடுகிறீர்கள்?

பெட்ரோல், கியாஸ், கரண்ட் விலை எந்த நாட்டில் எவ்வளவு ஏறியது என்று ஒப்பிடும் படங்களை நம்மாட்கள் நிறையப் பகிர்கிறார்கள். 2022-ஐ மட்டும் பார்த்தால் நாம் தப்பித்தோம் என்றுதான் தோன்றும். அந்த மார்ச்சில் யூரோ நாடுகளில் எரிசக்தி விலை முந்தைய வருடத்தைவிட 44 சதவீதம் கூடியிருந்தது. பிரிட்டனில் ஒரு சராசரி வீட்டின் வருடாந்திர கரண்ட், கியாஸ் கட்டண வரம்பு ஒரே வருடத்தில் 1,277 பவுண்டிலிருந்து 3,549-க்குப் போனது. அரசு தலையிட்டு அதை 2,500-இல் நிறுத்தியது. அங்கே நர்ஸாக இருக்கும் எங்கள் மைனி வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே அறையில் ஹீட்டர் போட்டு, பிள்ளைகளோடு அங்கேயே உறங்கினார்கள். அந்தக் கஷ்டம் உண்மை.

ஆனால் கணக்கை 2020-இலிருந்து தொடங்கிப் பாருங்கள். அந்த ஏப்ரலில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே விழுந்தது. பல நாடுகளில் பங்க் விலையும் கூடவே இறங்கியது. நமக்கு இறங்கவில்லை. மார்ச், மே இரண்டு தவணையாக மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 13 ரூபாய், டீசலுக்கு 16 ரூபாய் கூட்டியது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் குறைத்ததைக் கூட்டிப் பாருங்கள்: பெட்ரோலுக்கு 13, டீசலுக்கு 16. நம்மிடம் வாங்கியதை நிறுத்தியதற்குப் பெயர் சலுகையா?

வரிதான் விஷயம் என்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனாலே பெட்ரோல் விலை மாறுகிறது. கேரளம் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி வேறு போட்டது.

அப்புறம், சதவீதம் ஒன்றாக இருந்தாலும் சுமை ஒன்றல்ல. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் ஒருமுறை கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். செலவில் பெரும்பங்கு டீசல்தான். விற்பனை வரி இல்லாத டீசலை மாநில அரசு அளவு வைத்துத் தருகிறது. அது தீர்ந்தால் வெளிவிலைதான். பஸ்காரர் டிக்கெட்டை ஏற்றலாம், ஓட்டல்காரர் சாப்பாட்டு விலையை ஏற்றலாம். மீனவர் என்ன செய்வார்? கரையில் ஏலம் கேட்கிறவர் டீசல் விலையைப் பார்த்து மீனுக்கு விலை வைப்பதில்லை. டீசல் கூடினால் போட்டில் போனவர்களின் பங்குதான் குறையும். அடுத்தமுறை அப்படி ஒரு படத்தைப் பகிரும்போது, வீட்டு வருமானத்தில் எரிபொருளுக்கு எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.