டிஃபரன்ஷியல் கவருக்கு சிலிக்கான் எவ்வளவு?

ஃபோர்டு எஃப்-150 மாதிரி பிக்கப் வண்டியில் பின் ஆக்சில் கவரை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் கியர்களை மூடும் தகடு) மாற்றும்போது, ஆர்டிவி சிலிக்கானை (பூசியபின் ரப்பர் போல இறுகிக் கசிவை அடைக்கும் பசை) எவ்வளவு தடிமனாக அப்புகிறோமோ அவ்வளவுக்குக் கியர் ஆயில் கசியாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. போல்ட் துளைகளுக்கு உட்பக்கமாக, இடையில் விடுபடாமல் சுமார் 3 மி.மீ. கோடு ஒன்று போதும். கூடுதலாக அப்பினால் உள்ளே பிதுங்கும். பிய்ந்து ஆயிலோடு சேர்ந்து பேரிங் வரை போகும். கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் ஹவுசிங் (கவர் பொருந்தும் ஆக்சில் கூடு) விளிம்பில் நிற்கும் எண்ணெய்ப் பசைதான். பழைய சிலிக்கானைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை நீக்கும் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே கவரை மாட்டுங்கள்.

கசிகிற கவர் ஒன்றைக் கழற்றும்போது நீங்களே பார்க்கலாம்: சிலிக்கான் கவரோடு ஒட்டிக்கொண்டு, ஹவுசிங் பக்கம் தோல் மாதிரி உரிந்து வரும். உள்விளிம்பை விரலால் தடவினால் ரப்பர் நூல் தொங்குவதும் தட்டுப்படும். ஆயில் ஊற்றும் முன் எத்தனை மணி நேரம் உலரவிட வேண்டும் என்பது ட்யூபிலேயே இருக்கும், அதையும் படித்துவிடுங்கள்.